போர்ச் செய்தியாளர் பற்றிய தொலைநாடகம்: நடுநிலையைத் திரையில் எப்படிக் காட்டுவது?

கல்லடி_கதை:
ஆறு அங்கத் தொலைநாடகம் ஒன்றுக்கான பிரதி முடியிற நிலையில இருக்கு. களம் மட்டக்களப்பும் அம்பாறைக் கரையோரமும். காலம் 1990, பிறகு 2006. முக்கிய பாத்திரம் மூன்று. மட்டக்களப்பு டவுணில இருந்து கொழும்புப் பத்திரிகைக்கு எழுதுற தமிழ்ப் பிரதேச நிருபர், கல்முனையில இருந்து எழுதுற முஸ்லிம் நிருபர், கொழும்பில தங்கி வந்துபோற வெளிநாட்டுத் தொலைக்காட்சிச் செய்தியாளர். சம்பவங்களும் கிராமங்களும் கற்பனை. ஆனா வேலை நடக்கிற விதம் பிசகக்கூடாது.

சிக்கல் மூன்றாம் அங்கத்தில. இடம்பெயர்ந்த சனம் தங்கியிருக்கிற பாடசாலையில ஷெல் விழுகுது. இராணுவம் ஒன்று சொல்லுது, இயக்கம் (விடுதலைப் புலிகள்) வேறொன்று சொல்லுது. நிருபரும் செய்தி ஆசிரியரும் தொலைபேசியில நடுநிலையைப் பற்றி இரண்டு பக்கம் வாதாடுறாங்க. வாசிச்ச எல்லாருக்கும் அது பேச்சுப்போட்டி மாதிரித்தான் கேக்குது. இந்த இடத்தை எப்படித் திருத்தலாம்? கமெரா, சத்தம், ஊர் விவரம் பற்றியும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_டெஸ்க்:
அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்துவிடுங்க. நடுநிலை பற்றி நிருபர்கள் பேசுற நேரம் குறைவு. அது அவங்க வேலை செய்யிற ஒழுங்கில இருக்கு. அந்த ஒழுங்கைக் காட்டினா வசனமே தேவைப்படாது.

பாடசாலைச் சம்பவத்துக்கு நிருபர் கொப்பியில நாலு விதமாகப் பிரிச்சு எழுதுவார்: தான் கண்டது, கண்டவர் சொன்னது, கேள்விப்பட்டவர் சொன்னது, அதிகாரி சொன்னது. இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றாக்கினா செய்தி அங்கேயே கெட்டுப்போகும். "ஷெல் எங்க இருந்து வந்தது?" எண்டு கேட்டா எல்லாரும் பதில் சொல்லுவாங்க. "நீங்க அப்ப எங்க நிண்டீங்க, முகம் எந்தப் பக்கம் இருந்தது, முதல்ல கேட்டதா கண்டதா?" எண்டு கேட்டாத்தான் யார் உண்மையில கண்டவர் எண்டு தெரியும். உங்கட நிருபர் இந்த மூன்று கேள்வியையும் ஆளுக்காள் மாத்தாமல் கேக்கட்டும். மூன்றாவது ஆளிட்ட கேக்கும்போது பார்வையாளருக்கே விஷயம் விளங்கிவிடும்.

இறந்தவர் எண்ணிக்கைதான் இன்னும் முக்கியம். ஒரு முழுக் காட்சி அதுக்குக் குடுக்கலாம். ஆஸ்பத்திரிப் பிணவறைப் பதிவு, கிராம சேவகரின் பட்டியல், முகாமில குடும்ப அட்டைப்படி இருந்த பெயர்கள் மூன்றும் ஒருநாளும் ஒத்துவராது. ஒரே பெண் பிணவறைப் பதிவில தகப்பன்ட முதலெழுத்தோட இருப்பா, குடும்ப அட்டையில புருசன்ட முதலெழுத்தோட இருப்பா. எண்ணிக்கையில இரண்டாகிவிடும். காயத்தோட மட்டக்களப்பில இருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பினவர் அங்க இறந்தா, இஞ்ச காயப்பட்டவர் கணக்கிலயும் அங்க இறந்தவர் கணக்கிலயும் வருவார். வீட்டார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே அடக்கம் செய்த பிள்ளை எந்தப் பதிவிலயும் இருக்காது. பெயர், வயது, ஊர், அடையாள அட்டை இலக்கம் நாலையும் பக்கத்தில பக்கத்தில எழுதி நிருபர் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வரட்டும். தொடக்கத்தில கையில இருந்த எண்ணிக்கையும் கடைசியில கொழும்புக்குப் போற எண்ணிக்கையும் வேற வேறயாக இருக்கட்டும். ஒரு தரப்பு சொன்னதை விடக் குறைவாகவும் மற்றத் தரப்பு சொன்னதை விடக் கூடுதலாகவும் அது வந்து நிண்டா, அவருக்கு இரண்டு பக்கத்தாலயும் ஏச்சு விழும்.

அக்கரை_குறிப்பேடு:
டெஸ்க் சொன்ன கணக்கில ஒரு ஓட்டை இரிக்கி. முஸ்லிம் ஊர்கள்ல ஜனாஸாவை, அதாவது இறந்தவர் உடலை, ஒரு நாளுக்குள்ள அடக்கிவிடுவாங்க. ஊரடங்கு, பாதை அடைப்பு எண்டா பெரியாஸ்பத்திரிக்கே போகாது, நேரே மையவாடிதான் (அடக்கத்தலம்). அதனால பிணவறைப் பதிவை மட்டும் பாக்கிற நிருபர், முஸ்லிம் கிராமத்துச் சாவைக் குறைவாகத்தான் எழுதுவார், வேணுமெண்டு செய்யாட்டியும். பள்ளிவாசல் நிர்வாகத்திட்ட இருக்கிற பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்கணும். உங்கட கல்முனை நிருபர் கதைக்குள்ள தேவைப்படுறது இதுக்குத்தான். அவரை நட்புக்கு அடையாளமாக மட்டும் வெச்சிராதீங்க.

1990 பற்றி எழுதுறதா இருந்தா இதைத் தவிர்க்க ஏலாது. ஓகஸ்ட் 3 இரவு காத்தான்குடியில இரண்டு பள்ளிவாசல்ல தொழுதுகொண்டு நிண்ட நூற்றுக்கு மேற்பட்டவங்க சுட்டுக் கொல்லப்பட்டாங்க. அடுத்த மாதம் 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமில இருந்து 158 பேரைப் படையினர் கொண்டுபோனாங்க, அவங்க திரும்பி வரயில்லை. 9ஆம் திகதி சத்துருக்கொண்டான் படுகொலை. ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூடின காலத்துக்குள்ள, ஒரே மாவட்டத்துக்குள்ள நடந்தது இவ்வளவும். தமிழ் நிருபருக்குக் காத்தான்குடிக்குள்ள போக வழி இல்லை, முஸ்லிம் நிருபருக்கு வந்தாறுமூலைக்குப் போக வழி இல்லை எண்ட நிலைமையில, தன்ட சனத்தின் சாவை மட்டும் சரியாக எழுதினாலே செய்தி ஒருபக்கமாகிவிடும். அதில ஒரு பொய்யும் இருக்காது, எண்டாலும் அது ஒருபக்கம்தான்.

நாடகத்தில இந்த இரண்டு பேரும் பட்டியலை மாத்திக்கொள்ளணும். எங்க சந்திக்கலாம் எண்டு பாத்தா ஆஸ்பத்திரிதான் பொருத்தம், இரண்டு சனமும் வாற இடம். மறுகா, மற்றவர் தந்த பெயர்களைத் தன்ட பத்திரிகையில போட வைக்கிறதுதான் அவங்க ஒவ்வொருவருக்கும் உள்ள உண்மையான சண்டை. அந்தத் தொலைபேசிக் காட்சி வேணுமெண்டா இதுக்குப் பாவியுங்க.

எழுவான்:
எல்லாம் சரி. ஆனா இரு தரப்பு அறிக்கையையும் அருகருகே போட்டு, தீர்ப்பை வாசகருக்கு விடுறதுதான் நடுநிலை எண்டு பத்திரிகைக்காரர் படிச்சு வந்தது. நிருபர் தானே கணக்குப் பாத்து முடிவு சொல்லத் தொடங்கினா அவரும் ஒரு தரப்பாகிவிடமாட்டாரா? அந்த எதிர்வாதத்தையும் யாராவது நாடகத்தில பேசணும்.

பழைய_டெஸ்க்:
பேசட்டும். ஆனா அதுக்கு நடந்த பதில் இருக்கு. 2006 ஜனவரி 2, திருகோணமலைக் கடற்கரையில ஐந்து மாணவர்கள் இறந்தாங்க. கைக்குண்டு வெடிச்சு இறந்தாங்க எண்டது படைத்தரப்பின் முதல் விளக்கம். சுடர் ஒளி நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் வெளிவந்தபோது தலையில துப்பாக்கிச் சூட்டுக் காயம் தெரிஞ்சது. அதே மாதம் 24ஆம் திகதி அவரைச் சுட்டுக் கொன்றாங்க. இரண்டு அறிக்கையை அருகருகே போட்டிருந்தா "கைக்குண்டு என்கிறது ஒரு தரப்பு, சூடு என்கிறது மறு தரப்பு" எண்டு அந்தச் செய்தி இண்டைக்கும் அப்படியே கிடந்திருக்கும். படைத்தரப்பு சொன்னதைப் போடத்தான் வேணும். பக்கத்தில படத்தையும் போடணும். போய்ப் பாத்துத் தீர்க்கக்கூடிய ஒன்றைத் தீர்க்காமல் விட்டு, அதுக்கு நடுநிலை எண்டு பேர் வைக்கிறது சோம்பல்.

தீர்க்க முடியாததும் உண்டு. 1994 பெப்ரவரி 5, பொஸ்னியாவின் சரயேவோ நகரில மார்க்கலே சந்தையில விழுந்த ஒரே ஒரு 120 மில்லிமீற்றர் மோட்டார் ஷெல்லுக்கு 68 பேர் பலி. இரண்டு தரப்பும் மற்றவரைக் காட்டினாங்க. விழுந்த குழியைப் பாத்தா வந்த திசை தெரியும். தூரம் தெரியணுமெண்டா விழுந்த கோணமும் வெடிமருந்து அளவும் வேணும். அதிலதான் ஐ.நா. நிபுணர்களே முதல்ல தடுமாறினாங்க. சேர்பியப் படை இருந்த பக்கத்தில இருந்துதான் வந்தது எண்டு ஹேக் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்புச் சொன்னது 2003 டிசம்பரில. அண்டிரவு அங்க நிண்ட செய்தியாளர் நேர்மையாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஒரு ஷெல், இத்தனை பேர், திசை இது, சுட்டவர் யார் எண்டது உறுதியாகயில்லை. உங்கட மூன்றாம் அங்கத்துக்கு இந்த அளவுகோல் போதும். குழி, திசை, அந்தத் திசையில எத்தனை கிலோமீற்றரில யாருடைய முகாம் இருக்கு, அந்த ஷெல்லின் வீச்சு அந்தத் தூரத்துக்கு வருமா. கிராம வரைபடத்தில கயிறு பிடிச்சுப் பாக்கிற காட்சி ஒன்று வைங்க.

எழுவான்:
ஏத்துக்கொள்றன். அப்ப வெளிநாட்டுக்காரர் பாத்திரம் எந்தப் பக்கம் நிக்கும்? 1992இல் சரயேவோவில காயப்பட்ட பிபிசியின் மார்ட்டின் பெல், நன்மைக்கும் தீமைக்கும் நடுவில விலகி நிக்கிற செய்தி முறையைப் பிறகு வெளிப்படையாகவே எதிர்த்தார். செய்தியாளருக்கு அறிவோட அக்கறையும் வேணும் எண்டது அவரின் வாதம். அதை அந்தப் பாத்திரத்தின் வாயில வைக்கலாம்.

அக்கரை_குறிப்பேடு:
வைக்கலாம், ஆனா அதுக்குப் பதில் உள்ளூர்க்காரரிட்ட இருந்து வரணும். வெளிநாட்டவர் பக்கம் எடுத்துப் பேசிட்டு விமானம் ஏறுவார். பிரதேச நிருபரின் வீடு எது, பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம், சைக்கிள் எந்த நேரம் எந்த ஒழுங்கையால போகும் எண்டது எல்லா ஆயுதக்காரருக்கும் தெரியும். வீரகேசரிக்கு எழுதின ஐயாத்துரை நடேசனை 2004 மே 31 காலை மட்டக்களப்பு டவுணுக்குள்ளதான் சுட்டாங்க. மட்டக்களப்பில பிறந்த பத்திரிகையாளர் தராக்கி சிவராமை 2005 ஏப்ரல் 28 இரவு பம்பலப்பிட்டியில கடத்தி, அடுத்த நாள் நாடாளுமன்றத்துக்குக் கிட்ட உடலைப் போட்டிருந்தாங்க. இங்க ஒரு நிருபர் "உறுதியாகயில்லை" எண்டு எழுதினா, அதைக் கோழைத்தனம் எண்டு வெளியார் சொல்லுறது லேசு. எது எச்சரிக்கை, எது பயம், எது உண்மையாகவே தெரியாதது எண்டு அவருக்குள்ளயே பிரிச்சறிய வேண்டியிருக்கும். நல்ல நடிகர் கிடைச்சா அந்த இடம் வசனமே இல்லாமல் நிக்கும்.

அடுத்தது மொழிபெயர்ப்பு. வெளிநாட்டவரோட போறவர் எழுத்துப் பிழை பாக்கிறவர் இல்லை, அவர்தான் அந்தச் செய்தியின் பாதி. ஒரு தாய் ஐந்து நிமிசம் சொன்னதை "படையினர் சுட்டதாகச் சொல்லுறா" எண்டு ஒரு வரியில சுருக்கினா, அவ "கேட்டன், காணயில்லை" எண்டு சொன்னது விழுந்துபோகும். வசனம் வசனமாகப் பெயர்க்கணும், ஒலிப்பதிவு ஓடிக்கொண்டே இருக்கணும், பிறகு இன்னொருவர் அதைக் கேட்டு ஒப்பிடணும். கூட்டமாக நிக்க வெச்சு ஒருவரைப் பேச வைக்கக்கூடாது. முதலில் பேசினவர் சொன்னதைத்தான் மற்றவங்களும் சொல்லுவாங்க.

கமெரா_பெட்டி:
சாட்சியின் முகத்தை மறைக்கிற காட்சி இருக்கா? இருந்தா இதைச் சேருங்க. முகத்தை மங்கலாக்கினாப் போதாது. கிராமத்தில குரல் தெரியும், சீலை தெரியும், பின்னால சுவரில தொங்குற கடை பெயர் போட்ட கலண்டர் தெரியும், கிணத்துக் கட்டின் உடைஞ்ச மூலை தெரியும். 2006 காட்சியில வெளிநாட்டுக் கமெராக்காரர் முகத்தை இருட்டாக்கி எடுத்துத் திருப்தியா நிக்கிறார். உள்ளூர் நிருபர் ஒன்றும் சொல்லாமல் கலண்டரைக் கழட்டி வைக்கிறார், சாட்சியை வளவில இருந்து எழுப்பி வெறும் சுவருக்கு முன்னால இருத்துறார், கையில இருக்கிற வளையலைக் கழட்டச் சொல்லுறார். யாருக்கு வேலை தெரியும் எண்டது பத்து செக்கனில விளங்கும்.

கருவிகள்: 1990 வெளிநாட்டவர் கையில பீட்டாகேம் எஸ்பி. கமெராவுக்குள்ள போற சின்னக் கசெற் 30 நிமிசம்தான் ஓடும். மட்டக்களப்பில இருந்து செய்மதியில அனுப்ப வழியில்லை. கசெற் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல தரைப்பாதையால கொழும்புக்குப் போய் அங்க இருந்துதான் வெளிநாட்டுக்கு. ஆகவே "இண்டைக்குச் சண்டை, இண்டிரவே உலகம் பாக்குது" எண்டு எழுதக்கூடாது. 2006க்கு சொனி பிடி150 பொருந்தும். அதில 60 நிமிச மினி டிவி கசெற்றை டிவிகேம் முறையில போட்டா 40 நிமிசம்தான். பேட்டி நடுவில கசெற் முடியிற காட்சிக்கு அது உதவும்.

பிரதேச நிருபர் கையில நிக்கோன் எஃப்எம்2 குடுங்க. ஷட்டர் பொறியால இயங்கும், பற்றரி வெளிச்சம் அளக்க மட்டும். பற்றரி கிடையாத காலத்தில இதுதான் வேலை செய்யும். சுருளில 36 படம். கறுப்பு வெள்ளைச் சுருளை 20 பாகையில ஏழெட்டு நிமிசம் கழுவுறது முறை. எங்கட கிணத்துத் தண்ணி 28 பாகைக்குக் குறையாது, அந்தச் சூட்டில ஐந்து நிமிசத்துக்குள்ள முடிஞ்சு சீரில்லாமல் வரும், பூச்சு இளகி நகம் பட்டாலே கீறும். கரண்ட் இல்லாத ஊரில ஐஸ் தேட மீன்வாடிக்குத்தான் போகணும். இருட்டறைக் காட்சியில மீன்வாடி ஐஸ் போட்ட பிளாஸ்ரிக் பேசினும் வெப்பமானியும் இருக்கட்டும்.

வெளிநாட்டவருக்குக் கவச அங்கி இருந்தா, அதைப் பஞ்சால செய்யாதீங்க. ரைபிள் குண்டு தாங்கிற செரமிக் தகடு ஒன்று மூன்று கிலோ வரும், முன்னும் பின்னும் இரண்டு. பாரம் இல்லாட்டி நடிகர் ஓடுற விதமே பொய்யாகும். தகடு இல்லாத மெல்லிய அங்கி ரி-56 துப்பாக்கிக் குண்டைத் தாங்காது. உள்ளூர் நிருபருக்கு இது ஒன்றுமே இல்லை எண்டதையும் யாரும் சொல்லாமலே திரை காட்டட்டும்.

ஒலிப்பெட்டி:
சத்தம் பற்றிக் கேட்டிருந்தீங்க. நாடகங்களில தூரத்து வெளிச்சமும் வெடிச்சத்தமும் ஒரே நேரம் வருது, அது தவறு. எங்கட வெக்கையில சத்தம் செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர் போகும். வெளிச்சத்துக்குப் பிறகு 10 செக்கன் எண்டா மூன்றரைக் கிலோமீற்றர். வாவிக்கு அங்கால படுவான்கரையில விழுற ஷெல்லை டவுணில இருந்து பாக்கிற காட்சியில இந்த இடைவெளியைக் கட்டாயம் விடுங்க. அதுக்குள்ள மனிசர் எண்ணத் தொடங்குவாங்க. நிருபருக்குத் தூரம் கணிக்கிற முறையும் அதுதான்.

ரி-56 குண்டு சத்தத்தை விட இரண்டு மடங்கு வேகம். ஆகவே சுடப்படுகிறவருக்கு முதல்ல கேக்கிறது தலைக்கு மேல சாட்டை அடிச்ச மாதிரி ஒரு வெடிப்பு, அதுக்குப் பிறகுதான் துப்பாக்கியின் சத்தம். முந்நூறு மீற்றர் தூரத்தில இரண்டுக்கும் நடுவில அரைச் செக்கனுக்குக் கொஞ்சம் குறைவு. 30 குண்டுக் கூடு விடாமல் சுட்டா மூன்று செக்கனில காலி, ஒரு நிமிசத் தொடர் வேட்டுப் போட்டுக் கெடுக்காதீங்க. மே தொடக்கம் செப்ரெம்பர் வரை கல்லடிக் கரையில கச்சான் காத்து, ஒலிவாங்கிக்கு உரோமக் கவசம் போட்டாலும் மத்தியானத்தில வசனம் பதியிறது கஷ்டம். காலை எட்டரைக்குள்ள முடிச்சுக்கொள்ளுங்க.

வாவி_வரைபடம்:
காலப் பிசகு சில கண்ணில படுது. 1990 ஓகஸ்ட், செப்ரெம்பர் காட்சிகளுக்கு மழை எழுதியிருந்தா எடுத்துவிடுங்க, இங்க மாரி நவம்பரில. பாடசாலைச் சம்பவத்தை 2006 நவம்பரில வைச்சா மழையும் சேறும் சரி. சேறு இருந்தா ஷெல் குழி தண்ணி நிரம்பி இரண்டு நாளில உருத்தெரியாமல் போகும். அதனால குழி பாக்கிற நிருபர் அண்டைக்கே போயாகணும் எண்ட அவசரமும் கதைக்குக் கிடைக்கும்.

கல்லடிப் புதுப்பாலம் திறந்தது 2013. பழைய இரும்புப் பாலம் பக்கத்திலேயே நிக்குது, புதுசு தெரியாத கோணம் வாவிப் பக்கத்தில கொஞ்சம்தான் இருக்கு. மண்முனைப் பாலம் 2014. அதுக்கு முந்தி அங்க ஓடினது பாதை, அதாவது மிதவைப் படகு. 2006 வரை படுவான்கரைக்குப் போறதெண்டா வவுணதீவு, மண்முனை, பட்டிருப்பு, கறுத்தப்பாலம் இவற்றில ஒன்றால. இரண்டு பக்கச் சோதனையும் இருக்கும். இறங்கி சைக்கிளை உருட்டிக்கொண்டு போறது, அடையாள அட்டையை நீட்டுறது, பையைக் கொட்டுறது. படச்சுருளும் கொப்பியும் இரண்டு பக்கத்தாலயும் பார்க்கப்படும். நிருபர் பெயர்களை முழுசாக எழுதாமல் தனக்கு மட்டும் விளங்குற குறியில எழுதுறது அதனாலதான். 1990இல ஓடுற வாகனத்துக்கு இப்பத்தைய மாதிரி ஆங்கில எழுத்தில தொடங்குற இலக்கத்தகடு வரக்கூடாது, அந்த முறை வந்தது 2000 அளவில.

சட்டப்பக்கம்:
படப்பிடிப்புக்கு முன்னுக்குச் சில. உருமறைப்புத் துணி, சீருடை, போலித் துப்பாக்கி எதுவும் அனுமதி இல்லாமல் பாதையில எடுக்கக்கூடாது. பாதுகாப்பு அமைச்சுக்கு எழுத்தில விண்ணப்பம், அந்தந்தப் பொலிஸ் நிலையத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் திகதி, இடம், ஆட்தொகையோட அறிவித்தல். கிராமத்துச் சனத்துக்கும் முதல் நாள் வீடு வீடாகச் சொல்லுங்க. வெறும் வெடிச்சத்தம் கேட்டாலே நடுங்குற ஆட்கள் அங்க இருக்கிறாங்க, அவங்களுக்குத் திடீரெண்டு கேக்கக்கூடாது. இயலுமெண்டா வெடியை ஒலிக்கலவையில மட்டும் சேருங்க.

இயக்கக் கொடி, இலச்சினையை அண்மைக் காட்சியில வைக்கவேண்டாம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் சின்னங்களுக்காக ஆட்கள் பிடிபட்டிருக்கிறாங்க. சோதனைச்சாவடியை ஆள், உடை, பேச்சு வைத்தே காட்டலாம். கற்பனைக் கிராமம் எண்டாலும் உண்மைச் சம்பவத்தை ஒத்திருந்தா, அந்தக் குடும்பங்களிட்ட பிரதியைக் காட்டுறது நல்லது. சட்டத்துக்காகச் சொல்லயில்லை.

கல்லடி_கதை:
எல்லாருக்கும் நன்றி. தொலைபேசி வாதத்தை எடுத்துவிட்டு, பட்டியல் ஒப்பிடுற காட்சியும் குழி அளக்கிற காட்சியும் வைக்கிறன். ஒரு கேள்வி மிச்சம்: செய்தி கொழும்புக்குப் போறது தொலைநகலா, வாயால சொல்லியா? திரையில எது நல்லது?

பழைய_டெஸ்க்:
2006க்குத் தொலைநகல். கையெழுத்துப் பக்கம் ஒன்றுக்கு ஒரு நிமிசம் அளவில எடுக்கும், லைன் இடையில விழுந்தா அரைப் பக்கம்தான் மறுபக்கம் போகும். அதனால ஒவ்வொரு பக்கத்துக்கும் மேல "1/3", "2/3" எண்டு போடுவாங்க, எண்ணிக்கையை இலக்கத்திலயும் எழுத்திலயும் எழுதுவாங்க. மங்கின தொலைநகலில 1க்கும் 7க்கும் வித்தியாசம் தெரியாது. 1990க்கு வாயால சொல்லுறது. ஊர்ப்பெயரை இரண்டுதரம் சொல்லி, மறுபக்கம் எழுதினவர் முழுதையும் திருப்பி வாசிக்கணும். அந்தத் திருப்பி வாசிப்பில இறந்தவர்களின் பெயர்கள் வரட்டும், தமிழ்ப் பெயர்களும் முஸ்லிம் பெயர்களும் ஒரே பட்டியலில. கொழும்பில இருக்கிறவர் ஒரு இடத்தில நிறுத்தி "இது எங்கட பக்கத்துக்குத் தேவையா?" எண்டு கேக்கட்டும். நிருபர் அடுத்த பெயரை வாசிச்சுக்கொண்டு போகட்டும். காட்சி நீளம் இரண்டு நிமிசத்துக்குக் குறையவேண்டாம்.

அக்கரை_குறிப்பேடு:
அந்தப் பட்டியலுக்குப் பெயர் தெரிவு செய்யும்போது உண்மையில இறந்தவங்கட பெயர் எதுவும் வராமல் பாருங்க. வாப்பா பெயரோட சேத்துப் பாத்தா ஊரில யாருக்காவது பொருந்திவிடும். பிரதியை அனுப்பினா இங்க இரண்டு மூன்று பேரிட்டக் காட்டிச் சரிபாத்துத் தாறன்.